சங்கு விக்கிற அம்மாவும் மேரி ஆனிங்கும்: ஒரு பட்டிமன்ற உரை

நடுவர் அவர்களுக்கும் சபையில இருக்கிற எல்லாருக்கும் வணக்கம். நேரம் குறைவு. நேரா விஷயத்துக்கு வந்துடறேன்.

தலைப்பு என்ன? "ஐரோப்பாவில் நிலவியலை வளர்த்தது படித்த மேதைகளா, பாடுபட்ட எளியவர்களா?" நிலவியல்னா பூமியோட பாறை, மண்ணைப் பத்தின அறிவியல். நான் பாடுபட்டவங்க பக்கம். எழுதிக் கொண்டுவந்த பேச்சு கையில இருக்கு. ஆனா எனக்கு முன்னாடி பேசின எதிரணி நண்பர் ஒண்ணு சொல்லிட்டுப் போனார் பாருங்க, அதைக் கேட்ட பிறகு இந்தத் தாளை மடிச்சுப் பையில வச்சுட்டேன். அதுக்குப் பதில் சொல்லாம மேல போக எனக்கு மனசு வரல.

என்ன சொன்னார்? "கடற்கரையில கல்லு பொறுக்கி வித்தவங்க எல்லாம் விஞ்ஞானின்னா, மாமல்லபுரத்துல சங்கு விக்கிற அம்மாவுக்கும் டாக்டர் பட்டம் கொடுக்கணும்"னார். நீங்களும் சிரிச்சீங்க, கை தட்டினீங்க.

யாரைச் சொன்னார் தெரியுமா ஐயா? மேரி ஆனிங்கை. இங்கிலாந்தோட தென்கரையில லைம் ரீஜிஸ்னு ஒரு சின்ன ஊர். 1799-ல பிறந்த பொண்ணு. அப்பா தச்சர். 1810-ல கடனை வச்சுட்டுச் செத்துப்போயிட்டார். பொண்ணுக்கு அப்ப பதினோரு வயசு. வீட்ல அம்மா, அண்ணன், இவ. அடுப்பு எரியணும்னா கடற்கரைக்குப் போய் ஆகணும். வெயில் காலத்துல இல்லீங்க, குளிர் காலத்துல. ஏன்னா புயல் அடிச்சு, மழை கொட்டி, அந்தக் களிமண் செங்குத்துச் சரிவு இடிஞ்சு விழும்போதுதான் உள்ளே கல்லாகிப் போய்க் கிடக்கிற பழங்காலப் பிராணிங்களோட எலும்பு வெளிய தெரியும். அடுத்த அலை வந்து வாரிக்கிட்டுப் போறதுக்குள்ள எடுத்தாகணும். தலைக்கு மேல சரிவு, காலுக்குக் கீழ கடல். இதைத்தான் நம்ம நண்பர் "பொறுக்கினாங்க"ன்னார்.

1811-ல அண்ணன் ஜோசஃப் ஒரு பெரிய மண்டையோட்டைக் கண்டுபிடிச்சான். மீதி உடம்பை 1812-ல தேடிப் பிடிச்சது தங்கச்சி. ஆள் வச்சுத் தோண்டி எடுத்தா, படிச்சவங்க வருஷக்கணக்கா மண்டையைப் பிச்சுக்கிட்டாங்க. முதலையா? மீனா? கடைசியில 'இக்தியோசார்'னு, அதாவது மீன்பல்லின்னு பேர் வச்சாங்க. பேர் வச்சது அவங்க. கண்டுபிடிச்சது யாரு? பன்னிரண்டு பதிமூணு வயசுப் பொண்ணு!

இப்ப நான் சொல்லப்போற கதையை எதிரணியும் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்கணும். 1823, டிசம்பர் மாசம். அதே கரையில மேரி ஒரு முழு எலும்புக்கூட்டை வெளிய எடுக்கிறாங்க. ஒன்பது அடி நீளம் இருக்கும். தலை என்னமோ சின்னது. துடுப்பு மாதிரி நாலு கை கால். கழுத்து? கழுத்துதாங்க விஷயமே! நீண்டுக்கிட்டே போகுது. உலகத்துல எந்தப் பிராணிக்கும் அப்படி ஒரு கழுத்தை அதுவரைக்கும் யாரும் பார்த்ததில்ல.

படம் வரைஞ்சு பாரிஸுக்குப் போகுது. அங்க யார் இருக்கார்? ஜார்ஜ் குவியர். எதிரணித் தலைவர் பத்து நிமிஷம் புகழ்ந்தாரே, அதே குவியர். ஒத்தை எலும்பைக் காட்டினா முழு மிருகத்தையே சொல்லிடுவார்னு ஐரோப்பாவே நம்பின மேதை. அவர் அந்தப் படத்தைப் பார்க்கிறார். கழுத்தைப் பார்க்கிறார். எண்ணிப் பார்க்கிறார். முப்பதுக்கு மேல எலும்பு! ஊர்வன இனத்துல இத்தனை கழுத்தெலும்பு கிடையவே கிடையாது. ஒரு பாம்போட முதுகெலும்பை வேற ஏதோ உடம்புல ஒட்டவச்சிருக்கலாம்னு சந்தேகப்பட்டுட்டார்.

யோசிச்சுப் பாருங்க. கல்லு வித்துச் சாப்பிடற குடும்பம். பொய்யான சரக்குன்னு ஒரு வார்த்தை பாரிஸ்லேர்ந்து வந்துட்டா, அப்புறம் எவன் வாங்குவான்? அந்தப் பொண்ணோட சோறு மொத்தமும் அந்தக் கழுத்துல தொங்குது!

1824, பிப்ரவரி 20. லண்டன் நிலவியல் கழகத்துல கூட்டம். எலும்புக்கூடு கப்பல்ல வருது, அதுவும் தாமதமா வருது. வந்து சேர்ந்த பிறகு இன்னொரு கூத்து. மாடியில கூட்டம், படி குறுகல், இது பெட்டியோட அவ்வளவு நீளம். ஆளுங்க தூக்கிப் பார்க்கிறாங்க, திருப்பிப் பார்க்கிறாங்க, சாய்ச்சுப் பார்க்கிறாங்க. ஏறலையே! கடைசியில அதைக் கீழ் நடையிலயே விட்டுட்டாங்க. நடுவர் அவர்களே, மேதைகள் எல்லாம் படி இறங்கி வந்து குனிஞ்சு பார்த்தாங்க. எங்க மேரி தோண்டி எடுத்த எலும்பு மாடிக்குப் போகல, மாடி எங்க மேரியோட எலும்புகிட்ட இறங்கி வந்தது!

பார்த்தாங்க. ஒட்டு இல்ல, பூச்சு இல்ல. அத்தனையும் அசல். கழுத்தும் அசல். குவியர் தன் சந்தேகம் தப்புன்னு ஒத்துக்கிட்டார். ஒத்துக்கிட்ட அந்தப் பெருந்தன்மைக்கு இங்கேர்ந்தே ஒரு கும்பிடு. ஆனா கேட்கிறேன், அன்னைக்கு யார் கண்ணு சரி? ஐரோப்பாவோட தலைசிறந்த படிப்பா? இல்ல, சேத்துல முழங்கால் போட்டுத் தோண்டின பொண்ணா?

இன்னும் கேளுங்க. அந்த நீளக் கழுத்துப் பிராணிக்குப் பேர் பிளீசியோசார். அந்தக் கூட்டத்துல அதைப் பத்திப் பேசினது கோனிபேர் என்கிற பாதிரியார். விலாவாரியாப் பேசினார். மேரி ஆனிங்கோட பேரை ஒரு தடவை கூடச் சொல்லல. அவங்க அந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கவும் முடியாது. பொம்பளைங்களை அந்தக் கழகம் உறுப்பினராச் சேர்த்துக்கிட்டதே 1919-லதான். மேரி செத்து எழுபத்திரண்டு வருஷம் கழிச்சு!

திரும்ப நம்ம நண்பர்கிட்ட வர்றேன். பொறுக்கினாங்க, வித்தாங்க, அவ்வளவுதானே? இல்ல ஐயா. அறிவியல் கட்டுரைகளைக் கடன் வாங்கி, வரி விடாம கையாலயே நகல் எடுத்து வச்சுக்கிட்டாங்க. அதுல இருக்கிற படங்களையும் அப்படியே வரைஞ்சு வச்சாங்க. இப்ப இருக்கிற மீனையும் கணவாயையும் அறுத்துப் பார்த்து, கல்லுக்குள்ள இருக்கிறதோட ஒப்பிட்டாங்க. ஒரு வகைக் கல்லை எல்லாரும் மருந்துக் கல்லுன்னு நினைச்சுக்கிட்டிருந்தாங்க. அது இக்தியோசாரோட வயித்துப் பகுதியில கிடக்குதேன்னு கவனிச்சு, உடைச்சுப் பார்த்தா உள்ளே மீன் எலும்பு, மீன் செதில். அந்தக் கவனிப்பை வச்சுத்தான் ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் பக்லாண்ட் அதெல்லாம் அந்தப் பிராணிங்களோட கழிவு, கல்லா மாறினதுன்னு முடிவுக்கு வந்தார். கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி ஒரு பிராணி என்ன சாப்பிட்டுச்சுங்கிறதை உலகத்துக்கு எடுத்துக் காட்டினது அந்தத் தச்சர் வீட்டுப் பொண்ணு!

ஹாரியட் சில்வெஸ்டர்னு ஒரு சீமாட்டி அவங்களைப் பார்த்துட்டு 1824-ல நாட்குறிப்புல எழுதினாங்க. இந்த ராஜ்ஜியத்துல வேற யாரையும் விட இந்த அறிவியல் இவங்களுக்குத்தான் அதிகம் தெரியும்னு பேராசிரியர்களே ஒத்துக்கிறாங்களாம். அன்னைக்குப் பேராசிரியர்கள் ஒத்துக்கிட்டதை இன்னைக்கு எதிரணி ஒத்துக்க மாட்டேங்குது.

வில்லியம் ஸ்மித்தை ரெண்டு வரியில சொல்லிடறேன், மணி அடிச்சுடுவீங்க. கொல்லர் மகன். பட்டம் கிடையாது. சின்ன வயசுல ஊர்ல பால்காரப் பொண்ணுங்க தராசுல எடைக்கல்லா வச்ச உருண்டைக் கல்லை உத்துப் பார்த்தவர். அது கல்லாகிப் போன கடல் முள்ளெலி. அப்புறம் சோமர்செட்ல நிலக்கரிக் கால்வாய்க்கு அளவெடுத்தப்ப, ஒவ்வொரு பாறை அடுக்குக்கும் அதுக்கே உரிய புதைபடிவம் இருக்குன்னு கண்டுபிடிச்சார். நடந்தும் வண்டியிலயும் நாட்டையே அளந்து, 1815-ல இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் நிலவியல் வரைபடம் போட்டார். எட்டடிக்கு மேல உயரம், கையால வண்ணம் தீட்டினது. பெரிய மனுஷங்க என்ன செஞ்சாங்க? லண்டன் நிலவியல் கழகத்து ஆளுங்க போட்டிக்கு ஒரு வரைபடம் தயார் பண்ணாங்க. 1819-ல அவர் கடன்காரர் சிறைக்குப் போனார். 1831-ல அதே கழகம் கூப்பிட்டு முதல் வொல்லாஸ்டன் பதக்கத்தைக் கொடுத்தது. பன்னிரண்டு வருஷம் ஆச்சு, அவங்களுக்குப் புத்தி வர!

நடுவர் அவர்களே, எதிரணி ஆல்ஃபிரட் வெகனரைத் தங்களோட ஆளுன்னு சொன்னாங்க. கண்டங்கள் நகருதுன்னு 1912-ல சொன்னவர். பெர்லின்ல படிச்சவர், பேராசிரியர். சரி, வெகனரை நீங்களே வச்சுக்கோங்க. நான் பிடிவாதம் பிடிக்கல. அவர் கூடப் போன ராஸ்முஸ் வில்லும்சென்னை மட்டும் எனக்குக் கொடுங்க.

யார் அந்தப் பையன்? கிரீன்லாந்துக்காரன். இருபது சொச்சம் வயசு. 1930-ல கிரீன்லாந்து பனிப்பரப்போட நடுவுல, கரையிலேர்ந்து 400 கிலோமீட்டர் உள்ளே, ரெண்டு விஞ்ஞானிங்க ஒரு நிலையத்துல உட்கார்ந்திருக்காங்க. அவங்களுக்கு உணவும் எரிபொருளும் கொண்டுபோகணும். வெகனர் தலைமையில கரையிலேர்ந்து ஒரு கூட்டமே கிளம்புச்சு. குளிர் தாங்காம மத்தவங்க எல்லாம் வழியிலயே திரும்பிட்டாங்க. அவங்க மேல குத்தம் சொல்ல முடியாது. நாற்பது நாள் கழிச்சுப் போய்ச் சேர்ந்தது மூணே பேர்: வெகனர், லோவேங்கிற விஞ்ஞானி, இந்தப் பையன். லோவேயோட கால்விரல்கள் கருகிப்போய், அங்கேயே பேனாக்கத்தியால எடுக்க வேண்டியதாப் போச்சு. அவரை அங்க விட்டுட்டு, நவம்பர் 1-ஆம் தேதி, தன்னோட ஐம்பதாவது பிறந்தநாள் அன்னைக்கு, வெகனர் கரைக்குத் திரும்பிக் கிளம்பறார். கூடப் போனது இவன் ஒருத்தன்தான்.

வெகனர் வழியிலயே இறந்துபோனார். அடுத்த வருஷம் மே மாசம் தேடிப் போனவங்க உடலைக் கண்டாங்க. எப்படி இருந்தது தெரியுங்களா? தூங்கும் பையோட உறைக்குள்ள வச்சு, ஒழுங்காத் தைச்சிருந்தது. இடம் தெரியணும்னு அவரோட பனிச்சறுக்குக் கட்டைங்களை நட்டு வச்சிருந்தது. அந்தக் குளிர்ல, தனி ஆளா, விறைச்ச விரலால ஊசி பிடிச்சுத் தைச்சது யாரு? அவர் உறவுக்காரன் இல்லீங்க, அவர் மாணவன் இல்லீங்க. கூலிக்கு வண்டி ஓட்ட வந்த பையன். பெத்த பிள்ளை செய்யற கடைசிக் காரியத்தை அவன் செஞ்சான். செஞ்சு முடிச்சு, அவரோட நாட்குறிப்பை எடுத்துக்கிட்டுக் கரையைப் பார்த்துக் கிளம்பினான். அவன் போய்ச் சேரல. அவன் உடலும் கிடைக்கல, அந்த நாட்குறிப்பும் கிடைக்கல.

வெகனர் பேர்ல ஜெர்மனியில பெரிய ஆராய்ச்சி நிலையமே இருக்கு, இருக்கட்டும். அந்தப் பையனையும் பெத்தவ ஒருத்தி இருந்திருப்பா. அவ பிள்ளையோட பேரை இந்தச் சபையில சத்தமாச் சொல்லணும்னுதான் நான் இந்த அணியில வந்து உட்கார்ந்தேன். ராஸ்முஸ் வில்லும்சென்! நடுவர் அவர்களே, உங்க தீர்ப்பை அவன் பக்கம் கொடுங்க. வணக்கம்.