எண்ணூர் கழிமுகத்துக்கு இலவம் பஞ்சு

எல்லாருக்கும் வணக்கம். எண்ணூர், காட்டுக்குப்பம் பக்கமிருந்து வந்திருக்கிற அண்ணன்மார் அக்காமாருக்கு எண்ணெய் கசிஞ்சா என்ன ஆகும்னு நான் பாடம் எடுக்க வேண்டியதில்ல. 2017 ஜனவரி 28 விடியக்காலம் காமராஜர் துறைமுகத்துக்கு வெளிய ரெண்டு கப்பல் மோதி கெட்டி எண்ணெய் கரை ஒதுங்குச்சு, பம்பு வச்சு உறிஞ்ச முடியாம ஆளுங்க வரிசையா நின்னு பக்கெட்ல அள்ளுனாங்க. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணெய் கழிமுகத்துக்குள்ளயே வந்துச்சு, படகு, வலை எல்லாம் கருப்பு, அப்பவும் மீனவங்கதான் கையால அள்ளுனாங்க. ரெண்டு தடவையும் எண்ணெய் வந்ததுக்கு அப்புறம்தான் எதை வச்சு எடுக்கிறதுன்னே தேட ஆரம்பிச்சோம், எனக்கு ஆறாத கோவம் அதுலதான்.

தலகாணிக்கு அடைக்கிற இலவம் பஞ்ச எடுத்துக்குங்க. அந்த நூலிழை ஒவ்வொன்னும் இளநி ஸ்ட்ரா மாதிரி உள்ள காலி, வெளிய இயற்கையாவே மெழுகு பூசியிருக்கும், அதனால தண்ணி ஒட்டாது, போட்டா மிதக்கும், ஆனா எண்ணெய் பட்டா இழைக்கு நடுவுல இருக்கிற சந்துலயும் உள்ள இருக்கிற குழாய்லயும் இழுத்துக்கும். டீசல், எஞ்சின் ஆயில்னு வச்சு சோதிச்சப்போ தன் எடையப்போல முப்பது மடங்குக்கு மேல பிடிச்சிருக்கு. எருக்கங்காய் வெடிச்சு பறக்குமே, அந்தப் பஞ்சும் இதே வகைதான். பருத்தியும் ஆகும், ஆனா மெடிக்கல் கடையில விக்கிற வெள்ளைப் பஞ்சு ஆகாது, அத வெளுக்கும்போதே மெழுகு போயிடுது, தண்ணிய குடிச்சு முழுகிடும். அமெரிக்காவுல டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்துல சேஷாத்ரி ராம்குமார் குழு பண்ண ஆராய்ச்சியில, நூல் மில்லுக்காரங்க வேணாம்னு ஒதுக்குற முத்தாத மட்டப் பருத்திதான் கச்சா எண்ணெய நல்லா பிடிச்சுது, ஒரு கிராமுக்கு முப்பது கிராம்!

இப்ப உலகம் பூரா துறைமுகங்கள்ல பெரும்பாலும் வச்சிருக்கிறது பாலிப்ரொப்பிலீன் ஷீட்டு, அதுவும் பெட்ரோலியத்துல செஞ்ச பிளாஸ்டிக்தான். நல்லா உறிஞ்சும், இல்லன்னு சொல்லல, ஆனா கழிமுகத்துல பிஞ்சு விட்டுப்போனா அது மக்கவே மக்காது. 2020ல மொரீஷியஸ்ல வகாஷியோ கப்பல் பவளப்பாறையில ஏறி சுமார் ஆயிரம் டன் எண்ணெய் கொட்டுனப்போ அந்த ஊர் சனங்க யாருக்கும் காத்திருக்கல, கரும்புச் சோகைய துணியிலயும் வலையிலயும் அடைச்சு நீள நீளமா தைச்சு கடல்ல மிதக்க விட்டாங்க. கரும்பு அவங்க ஊர்ல கிடைக்குது, நமக்கு தேனி, போடி பக்கமே இலவம் பஞ்சு வியாபாரம் நடக்குது.

எல்லாத்தையும் பஞ்சே எடுத்துடும்னு சொன்னா அது பொய். எண்ணெய் கடல்ல அலையில அடிபட்டு தண்ணியோட கலந்து கூழாயிட்டா இழைக்குள்ள போகாது, 2017ல கரைக்கு வந்தது பெரும்பாலும் அந்தக் கூழுதான். அதனால முதல் சில மணி நேரம்தான் முக்கியம், அதுவும் கழிமுகம், அலையாத்தி வேர் மாதிரி மெஷின் போக முடியாத எடத்துல மெல்லிசா படர்ந்து நிக்கிற எண்ணெய்க்குத்தான் இது சரியான மருந்து. அவ்வளவு சீக்கிரம் போடணும்னா பஞ்சு முன்னாடியே தயாரா இருக்கணும்ல? வடகிழக்குப் பருவமழைக்கு முன்னாடி ஒவ்வொரு குப்பத்து வலைக்கூடத்துலயும் வலைத்துணியில அடைச்ச பஞ்சு உருளைங்க நனையாத எடத்துல இருக்கணும், செலவு துறைமுகமும் கம்பெனிங்களும் ஏத்துக்கணும், இத கலெக்டர் ஆபீஸ்ல மனுவா குடுக்கலாம், நானும் கூட வரேன்.

உதிரியா மட்டும் தூவாதீங்க, காத்துல பறந்துடும், எண்ணெய் குடிச்சத திரும்ப பிடிக்கவும் முடியாது. கயிறு கட்டிதான் விடணும், கையுறை இல்லாம யாரும் தொடக்கூடாது. எடுத்த பஞ்ச கரையில குமிச்சு கொளுத்திடவும் கூடாது, புழிஞ்சு எண்ணெய தனியா பீப்பாயில வைங்க, மிச்சம் அபாயக் கழிவு, அத முறைப்படி எடுத்துட்டுப் போறது கொட்டுனவங்க பொறுப்பு, அதையும் மனுவுல சேர்த்து எழுதுங்க.