ஒரே சூரியன், இரண்டு மாதப்பிறப்பு

நடுவர் ஐயா, களியக்காவிளையில் மேடை போட்டு, 'காலத்தைப் பகுத்தது வானமா, மனிதனா?' என்று தலைப்பும் கொடுத்தீர்களே, அதற்கே உங்களுக்கு ஒரு கும்பிடு. மனிதன்தான் என்று பேச வந்திருக்கிறேன், சாட்சிக்கு ரொம்ப தூரம் போக வேண்டாம், சோதனைச்சாவடியைத் தாண்டிக் கேரளத்துக்குள் கால் வைத்தால் போதும்.

2023-இல் எங்கள் வீட்டில் சித்திரை ஒன்று ஏப்ரல் 14. பாறசாலையில் கட்டிக்கொடுத்த என் அக்கா விஷுக்கணி வைத்தது 15ஆம் தேதி. சூரியன் மேஷத்தில் நுழைந்தது ஒரே நேரத்தில்தான், 14ஆம் தேதி பிற்பகலில். பொழுது சாய்வதற்குள் நுழைந்துவிட்டால் அன்றே மாதப்பிறப்பு என்பது நம் கணக்கு. பகலை ஐந்து பங்காக்கி, முதல் மூன்று பங்குக்குள், அதாவது ஒன்றேகால் மணி வாக்கிலேயே, நுழைந்திருக்க வேண்டும், இல்லையென்றால் மறுநாள் என்பது மலையாளக் கணக்கு. இந்தக் கோட்டை வானமா போட்டது?

பகலும் இரவும், அமாவாசையும் பௌர்ணமியும் யார் கொடுத்தது என்று எதிரணி அக்கா கேட்டார்கள். சரி, வானம்தான். ஆனால் மணி எங்கே இருக்கிறது வானத்தில்? பகலுக்கு 12, இரவுக்கு 12 என்று பிரித்தவர்கள் எகிப்தியர், அதுவும் கோடையில் பகல் மணி நீளும், குளிரில் குறுகும். நிமிடத்துக்கும் நொடிக்கும் வந்த 60 பாபிலோன்காரர்களின் எண். பாதி, மூன்றில் ஒன்று, நாலில் ஒன்று, ஐந்தில் ஒன்று என்று எப்படிப் பங்கு போட்டாலும் மிச்சம் விழாது. நம் நாளுக்கும் 60 நாழிகைதானே!

அப்புறம் கிழமை. எனக்கு ரொம்பப் பிடித்த கணக்கு இது. மெதுவாக நகர்வது முதலில் என்று சனி, வியாழன், செவ்வாய், சூரியன், வெள்ளி, புதன், சந்திரன் என வரிசைப்படுத்தி மணிக்கு ஒன்றாகக் கொடுத்துக்கொண்டே போங்கள். ஞாயிற்றுக்கிழமை முதல் மணி சூரியனுக்கு என்றால் 25ஆவது மணி, அதாவது மறுநாளின் முதல் மணி, சந்திரனுக்கு வந்து நிற்கும். திங்கள்! அதே போல எண்ணினால் அடுத்தது செவ்வாய். நம் பஞ்சாங்கத்து ஓரை இதுதான், அந்தச் சொல்லே கிரேக்க 'ஹோரா'விலிருந்து வந்தது. வாரம் நிலா மாதத்தின் கால்பங்கு என்பீர்கள். அது ஏழேகால் நாளுக்கும் மேலே போகும், எந்தக் கிழமையோடும் ஒட்டி நிற்காது.

இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் இந்தப் பக்கம் நாள் கணக்கில் சூரியன் முகம் காட்டாது. முல்லைப்பாட்டில் வருவதும் ஒரு கார்காலத்துப் பாசறைதான். அங்கே நாழிகைக் கணக்கர்கள் 'குறுநீர்க் கன்னல்' என்ற பாத்திரத்துத் தண்ணீரைப் பார்த்து, இவ்வளவு பொழுது போயிற்று என்று அரசனுக்குச் சொல்கிறார்கள். மேகம் மூடி ஒரு நட்சத்திரம்கூடத் தெரியாத இரவிலும் கண் விழித்து உட்கார்ந்து அந்தத் தண்ணீரை அளந்தவரை விட்டுவிட்டு நான் எப்படி ஐயா வானத்துக்கு ஓட்டுப் போடுவேன்?