ஊருக்கு ஒரு ஸ்மித்

அனைவருக்கும் வணக்கம்.

ஆங்கிலேயரின் குடும்பப் பெயர்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எல்லாவற்றையும் தொட்டால் விடிந்துவிடும். அதனால் ஒரே பெயரை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்: ஸ்மித். கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு ஸ்டீவ் ஸ்மித், சினிமா பார்க்கிறவர்களுக்கு வில் ஸ்மித், பொருளாதாரம் படித்தவர்களுக்கு ஆடம் ஸ்மித். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா நான்கிலும் முதலிடம் இந்தப் பெயருக்குத்தான். அமெரிக்காவில் 2010 கணக்கெடுப்பின்படி 24 லட்சத்துக்கும் அதிகமான ஸ்மித்கள் இருந்தார்கள்.

பொருள் உங்களுக்குத் தெரிந்ததுதான். கொல்லர். அதில் புதிர் ஒன்றும் இல்லை. புதிர் வேறு இடத்தில் இருக்கிறது. இந்தப் பெயர்கள் உருவான காலத்தில் இங்கிலாந்தில் பெரும்பாலோர் உழுது பிழைத்தவர்கள். அப்படியானால் உழவரைக் குறிக்கும் பெயரல்லவா முதலில் நிற்க வேண்டும்? ஊருக்கு ஒருவராக இருந்த கொல்லர் எப்படி முந்தினார்?

கொஞ்சம் பின்னால் போகலாம். 1066-ல் பிரான்ஸின் வடக்குப் பகுதியிலிருந்து வந்த நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடிப்பதற்கு முன்பு சாதாரண மக்களுக்கு ஒற்றைப் பெயர்தான். பலவிதமான பெயர்கள் புழங்கியதால் குழப்பம் குறைவு. நார்மானியர்கள் வந்தபின் வில்லியம், ராபர்ட், ரிச்சர்ட், ஜான் என்று ஒரு சில பெயர்களே எல்லோரையும் பிடித்துக்கொண்டன. ஒரே தெருவில் நாலு ஜான்.

1377-ல் தலைவரி வந்தது. பதினான்கு வயதைத் தாண்டிய ஒவ்வொருவரும் 4 பென்னி கட்ட வேண்டும். வசூலிக்க வந்த எழுத்தர் ஜான் என்று மட்டும் எழுதிக்கொண்டு போனால், எந்த ஜான் கட்டினான், எந்த ஜான் ஏமாற்றினான் என்று யாருக்குத் தெரியும்? அதனால் குன்றடியில் குடியிருக்கும் ஜான், ராபர்ட்டின் மகன் ஜான், கொல்லன் ஜான் என்று அடையாளத்தோடு எழுதினார்கள். இப்படி அடையாளம் சேர்க்கும் வழக்கம் வரிக்கு முன்பே இருந்தது. ஆனால் ஏட்டில் ஏறியது எளிதில் அழியாது. 1381-ல் அதே வரி 12 பென்னி ஆனதும் மக்கள் கொதித்தெழுந்தார்கள். அந்தக் கலகத்தின் தலைவர் பெயர் வாட் டைலர். டைலர் என்றால் கூரைக்கு ஓடு வேய்பவர். வரி ஏட்டை எரித்தவர்களின் தலைவருக்கும் தொழில் பெயர்தான்!

இப்போது புதிருக்கு வருவோம். ஊரே உழும்போது ‘உழவன் ஜான்’ என்று சொல்லி என்ன பயன்? அது யாரையும் பிரித்துக் காட்டாது. ஃபார்மர் என்று ஒரு குடும்பப் பெயர் இருக்கிறதே என்பீர்கள். அதுவும் அந்தக் காலத்தில் உழவரைக் குறிக்கவில்லை, வரி வசூலைக் குத்தகைக்கு எடுத்தவரைத்தான் குறித்தது. கொல்லர் அப்படியல்ல. ஊருக்கு ஒருவர், ஆனால் அவர் இல்லாத ஊர் அபூர்வம். கொழு தேய்ந்தால், அரிவாள் முனை மழுங்கினால், குதிரைக்கு லாடம் கழன்றால், கதவுக்குக் கீல் வேண்டுமென்றால் அவரிடம்தான் போக வேண்டும். பெயர் வைப்பதற்கு இப்படி ஒருவர் தோதானவர்: எல்லோருக்கும் தெரிந்தவர், இன்னொருவரோடு குழம்பாதவர். ஒவ்வொரு ஊரும் தனித்தனியாக, பக்கத்து ஊரைக் கேட்காமலேயே, ஒரு ஸ்மித்தை உண்டாக்கியது.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இது பலரும் கவனிக்காதது. நெய்த கம்பளித் துணியைத் தொட்டியில் போட்டு, நாட்பட்ட மூத்திரத்தை ஊற்றி, வெறுங்காலால் மிதித்து மிதித்து இறுக்குவது அந்தக் காலத்தில் பெரிய தொழில். நாற்றம் பிடித்த தொழில்தான், ஆனால் இங்கிலாந்துக்குச் சோறு போட்டது கம்பளி. இந்த மிதிப்பவருக்கு வடக்கே வாக்கர் என்று பெயர், தென்கிழக்கே ஃபுல்லர், தென்மேற்கே டக்கர். ஒரே தொழில், மூன்று குடும்பப் பெயர். ஓட்டு மூன்றாகப் பிரிந்துவிட்டது. கொல்லருக்கோ நாடு முழுவதும் ஒரே சொல். எழுத்து மட்டும் கொஞ்சம் மாறும். பழைய ஏடுகளில் இகரத்துக்கு ஐ போட்டாலும் ஒன்றுதான், ஒய் போட்டாலும் ஒன்றுதான். ஸ்மைத் என்று கம்பீரமாக உச்சரிப்பவர்களின் முன்னோரும் இரும்பு அடித்தவர்தான்.

கொல்லர்களைப் போருக்கு அனுப்பாமல் ஊரிலேயே வைத்துக்கொண்டார்கள், அதனால்தான் அவர்கள் வம்சம் பெருகியது என்று ஒரு கதை சொல்வார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. குதிரைப்படை போகிற இடத்துக்கு லாடம் அடிக்கிறவர் போகாமல் எப்படி?

ஆடம் ஸ்மித் விஷயத்தைச் சொல்லாமல் விட மனமில்லை. அவருடைய அப்பா சுங்க அதிகாரி, பட்டறைக்காரர் அல்ல. ஆனால் 1776-ல் வெளிவந்த அவருடைய பெரிய நூலின் முதல் அதிகாரத்திலேயே ஒரு கொல்லர் வருகிறார். வேலைப் பிரிவினையை விளக்குகிற இடம். ஆணி அடித்துப் பழகாத கொல்லர் ஒரு நாளில் 200, 300 ஆணிதான் செய்வார், அவையும் மட்டமாக இருக்கும் என்கிறார். ஆணி மட்டுமே அடித்து வளர்ந்த, இருபது வயதுகூட ஆகாத பையன்கள் 2,300-க்கு மேல் செய்வதைத் தன் கண்ணால் பார்த்ததாகவும் எழுதுகிறார். எல்லா வேலையும் தெரிந்த ஊர்க் கொல்லரின் காலம் முடிகிறது என்பதைச் சொன்னவர் பெயரும் ஸ்மித்!

சரி, அப்படியானால் ஸ்மித் என்றாலே கொல்லர் வம்சமா? அதுதான் இல்லை. லெஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 40 பிரிட்டிஷ் குடும்பப் பெயர்களைச் சேர்ந்த ஆண்களின் ஒய் குரோமோசோமை (தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் போவது) சோதித்து 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். அட்டன்பரோ போன்ற அபூர்வப் பெயர்க்காரர்களில் பெரும்பாலோர் ஒரே தகப்பன் வழியினர். ஸ்மித்களோ தெருவில் போகிற யாரோ எவரோ போலத்தான் இருந்தார்கள். அது இங்கிலாந்துக்குள். அமெரிக்காவுக்குப் போனால் இன்னும் கலப்பு. ஜெர்மனியிலிருந்து போன ஷ்மிட்கள், முக்கியமாக முதல் உலகப் போரில் ஜெர்மன் பெயர் ஆபத்தானபோது, ஸ்மித் ஆனார்கள். அடிமைத்தளையிலிருந்து வெளிவந்த கறுப்பின மக்களில் சிலர் பழைய எஜமானின் பெயரை வைத்துக்கொண்டார்கள், சிலர் தாங்களே ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்தார்கள். இன்று அமெரிக்க ஸ்மித்களில் ஐந்தில் ஒருவருக்கும் மேல் கறுப்பினத்தவர். பிரிட்டனில் ஜிப்சிகள் என்று அழைக்கப்பட்ட ரோமா மக்களில் பெட்டுலெங்ரோ (அவர்கள் மொழியில் லாடம் அடிப்பவர்) என்ற பெயர் கொண்டவர்கள் வெளியாரிடம் ஸ்மித் என்றே சொல்லிக்கொண்டார்கள். பெயரைக் கழற்றிப் போட்டவர்களும் உண்டு. மௌனப்பட நாயகி மேரி பிக்ஃபோர்டின் இயற்பெயர் கிளாடிஸ் ஸ்மித்.

கழற்றுவதும் மாட்டுவதும் ஒரே குடும்பத்தில் நடந்த கதை ஒன்று இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. யார்க்‌ஷரைச் சேர்ந்த ஹியூ ஸ்மித்சன் (ஸ்மித்தின் மகன் என்றுதான் பொருள்) பெர்சி என்ற பெரிய பிரபு குடும்பத்துச் சொத்துக்கு வாரிசான பெண்ணை மணந்தார். 1750-ல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் தன் பெயரையே பெர்சி என்று மாற்றிக்கொண்டார். பின்னாளில் நார்தம்பர்லேண்ட் கோமகன் ஆனார். அவருக்குத் திருமணத்துக்கு வெளியே பிறந்த மகன் ஜேம்ஸ், தாயின் பெயரில் மேஸி என்று வளர்ந்தார். தந்தையின் பட்டத்தில் அவருக்கு உரிமை இல்லை. தாய் 1800-ல் இறந்ததும் ஒரு காரியம் செய்தார். அப்பா தூக்கி எறிந்த ஸ்மித்சன் என்ற பெயரைத் தான் எடுத்துக்கொண்டார்.

அவர் வேதியியல் அறிஞர். ஒருமுறைகூட அமெரிக்காவில் கால் வைத்ததில்லை. 1829-ல் ஜெனோவாவில் இறந்தார். தன் தம்பி மகனுக்கு வாரிசு இல்லாமல் போனால், தன் சொத்து முழுவதும் அமெரிக்காவுக்கு, வாஷிங்டனில் அறிவை வளர்க்கவும் பரப்பவும் தன் பெயரில் ஒரு நிறுவனம் தொடங்க, என்று உயில் எழுதியிருந்தார். வாரிசு இல்லாமல்தான் போனது. 1838-ல் 105 பைகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தங்க நாணயங்கள் கப்பலேறின. 1846-ல் அமெரிக்கக் காங்கிரஸ் ஸ்மித்சோனியன் நிறுவனத்தை உருவாக்கியது. பெர்சிகளும் நொடித்துவிடவில்லை, ஆனிக் கோட்டை இன்றும் அவர்கள் கையில்தான் இருக்கிறது. பணம் கொடுத்தால் உள்ளே போய்ப் பார்க்கலாம். வாஷிங்டனில் இருக்கும் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்களுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.