இச்சையடக்கம் என்னும் ஒரே சொல்

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் அன்புச் சகோதரர்களே, இந்த ஆலய வளாகத்தில் கூடியிருக்கும் பெரியோர்களே, வாலிபர் ஐக்கியத்துத் தோழர்களே, அனைவருக்கும் என் வணக்கம். "கிறிஸ்தவ வாலிபனின் பரிசுத்த வாழ்வுக்கு நெடுந்தூர ஓட்டம் துணையா, இடறலா?" என்ற தலைப்பில், துணையே என்று வாதிட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய சகோதரர், "சரீர முயற்சி அற்ப பிரயோஜனமுள்ளது" என்று அப்போஸ்தலர் பவுல் தம் இளம் சீடர் தீமோத்தேயுவுக்கு எழுதியதைத் தம் வாதத்தின் தூணாக நிறுத்தினார். அந்த வசனத்தை நானும் முழு மனதோடு ஏற்கிறேன். ஓட்டத்தைத் தேவபக்தியின் இடத்தில் வைப்பவனுக்கு அது கண்டனம்தான். ஆனால் சகோதரர் அதற்கு முந்தைய வசனத்தை வாசிக்காமல் விட்டுவிட்டார். தேவபக்திக்கேதுவாக முயற்சிபண்ணு என்று அங்கே பவுல் கட்டளையிடும்போது கிரேக்க மூலத்தில் அவர் எடுத்தாளும் வினைச்சொல், பயிற்சிக்கூடத்தில் வீரர்கள் செய்த பயிற்சியைக் குறிக்கும் சொல். பக்தியை எப்படிப் பழகுவது என்று ஓர் இளைஞனுக்கு விளக்க நினைத்தபோது, வியர்வை சிந்திப் பழகியவர்களின் சொல்தான் அவருக்குக் கைகொடுத்தது.

இதைவிடத் தெளிவான சான்று கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் இருக்கிறது. பவுல் கொரிந்து நகரில் ஒன்றரை ஆண்டு தங்கியிருந்தவர். அந்நகருக்குப் பக்கத்தில் இஸ்துமியா என்னுமிடத்தில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை விளையாட்டு விழா நடக்கும். வென்றவனுக்குக் கிடைத்ததோ சில நாள்களில் வாடிவிடும் இலைக் கிரீடம். அந்த வாடும் கிரீடத்துக்காக ஓடுகிறவன்கூட எல்லாவற்றிலும் இச்சையடக்கமாயிருக்கிறானே என்று ஒன்பதாம் அதிகாரத்தில் பவுல் சுட்டிக்காட்டுகிறார். அங்கே வரும் கிரேக்க வினைச்சொல் புதிய ஏற்பாடு முழுவதிலும் இரண்டே இடங்களில்தான் வருகிறது. மற்றோர் இடம் அதே நிருபத்தின் ஏழாம் அதிகாரம். அங்கே பேசப்படுவது மணமாகாதவர்களின் காம இச்சை. நடுவர் அவர்களே, வாலிபனின் தூய்மைக்கும் ஓட்டக்காரனின் பயிற்சிக்கும் அப்போஸ்தலர் ஒரே சொல்லைப் பயன்படுத்தியிருக்க, இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பகை என்று எதிரணியினர் எப்படிச் சாதிக்கிறார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை.

சொல்லாராய்ச்சியை விட்டு வாழ்க்கைக்கு வருகிறேன். தாவீது ராஜா பிறன் மனைவியை இச்சித்து விழுந்த கதையை நாம் ஞாயிறு பள்ளியிலேயே கேட்டிருக்கிறோம். ராஜாக்கள் யுத்தத்துக்குப் புறப்படும் காலத்தில் அவன் மட்டும் எருசலேமில் தங்கிவிட்டான். சாயங்காலத்தில் படுக்கையிலிருந்து எழுந்து அரண்மனை உப்பரிகையில் உலாவினான். அதற்குப் பிறகுதான் பார்வை, பார்வைக்குப் பிறகுதான் பாவம். உழைக்க வேண்டிய உடல் சோம்பியிருந்ததையும், உறங்க வேண்டிய நேரம் குழம்பிப்போயிருந்ததையும் வேதம் காரணமில்லாமல் பதிவு செய்யவில்லை. இன்று நம் வாலிபர்களின் உப்பரிகை, நள்ளிரவில் போர்வைக்குள் ஒளிரும் கைப்பேசி. விடுதியில் தங்கிப் படித்த காலத்தில் நானும் அந்த உப்பரிகையில் உலாவியவன். அழுது ஜெபித்து, இனிச் செய்யமாட்டேன் என்று பொருத்தனை பண்ணி, மூன்றாம் நாள் இரவு மறுபடியும் விழுந்தேன். காலை நான்கரை மணிக்கு எழுந்து ஓடத் தொடங்கிய பிறகே, இரவு ஒன்பதரை மணிக்கு உறங்குவது எனக்கு இயல்பானது. என் சோதனைகள் எல்லாம் காத்திருந்த அந்த இரண்டு மணி நேரம் என் நாளிலிருந்தே கழன்று போயிற்று.

ஓட்டம் எனக்கு இரட்சிப்பைத் தந்தது என்று நான் சொல்லவில்லை. அது கிருபையால் மட்டுமே வருவது. ஓட்டக்காரர்களும் விழுந்திருக்கிறார்கள் என்ற எதிரணியின் கூற்றையும் மறுக்கவில்லை, ஜெபிப்பவர்களும் விழுந்திருக்கிறார்கள். ஆனால் விழுந்தவன் எழும் முறையை நெடுந்தூர ஓட்டம் கற்றுக்கொடுப்பதுபோல் வேறெதுவும் எனக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. ஒரு நாள் பயிற்சி தவறிவிட்டால், அதை ஈடுகட்ட மறுநாள் இரு மடங்கு தூரம் ஓடக்கூடாது என்பது ஓடுகிறவர்கள் எல்லாரும் அறிந்த விதி. அப்படி ஓடினால் கால் காயப்படும், அடுத்த வாரமும் வீணாகும். அன்றைக்குரிய தூரத்தை அன்றைக்கு ஓட வேண்டும், அவ்வளவே. பாவத்தில் விழுந்த மறுநாள் ஒரு வாரம் உபவாசமிருப்பேன் என்று என்னை நானே தண்டிக்கப் புறப்பட்டு, அதிலும் தோற்று, நம்பிக்கையிழந்து கிடந்த எனக்கு, பாவத்தைத் தேவனிடம் அறிக்கையிட்டுவிட்டு அன்றைக்குரிய கீழ்ப்படிதலை மட்டும் செய் என்ற எளிய உண்மை அந்த விதியின் வழியாகத்தான் புரிந்தது.

அடுத்து, எதிரணியின் வலுவான வாதத்துக்கு வருகிறேன். மாரத்தான் போட்டிகள் ஞாயிற்றுக்கிழமை காலையில் நடக்கின்றன, ஓட்டம் ஆராதனையை விழுங்குகிறது என்றார்கள். இது உண்மையான நெருக்கடி. இதை லேசாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. 1924ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்காட்லாந்து வீரர் எரிக் லிடல், 100 மீட்டர் ஓட்டத்தின் தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமையில் அமைந்ததால் அதில் கலந்துகொள்ள மறுத்தார். பின்பு 400 மீட்டரில் 47.6 விநாடிகளில் ஓடித் தங்கம் வென்றார். மறு ஆண்டே மிஷனரியாகச் சீனாவுக்குப் புறப்பட்டு, 1945இல் ஜப்பானியரின் தடுப்பு முகாமிலேயே உயிர்நீத்தார். அவர் குறுந்தூர வீரர்தான். ஆயினும் ஓட்டம் அவரைத் தேவனிடமிருந்து பிரித்ததென்று யாராலும் சொல்ல முடியாது. எனக்குத் தங்கமும் இல்லை, தகுதிச் சுற்றும் இல்லை. என் அரை மாரத்தான் தூரமான 21 கிலோமீட்டரைச் சனிக்கிழமை விடியலில் தனியாக ஓடுகிறேன். முடிவுக் கோடும் பதக்கமும் கைதட்டலும் இல்லாத ஓட்டம் அது. பார்ப்பவர் யாருமில்லாத சாலையில், பாதியில் திரும்பிவிடலாம் என்று உடல் கெஞ்சும்போது திரும்பாமல் ஓடப் பழகியவனுக்கு, பார்ப்பவர் யாருமில்லாத அறையில் தன்னைக் காத்துக்கொள்வது முற்றிலும் புதிய வேலையாக இருப்பதில்லை.

இறுதியாக, கால் முறிந்தால் உன் பரிசுத்தமும் முறிந்துவிடுமா என்று சகோதரர் கேட்டார். நேர்மையாகவே பதில் சொல்கிறேன். கடந்த ஆண்டு முழங்கால் வலியால் ஆறு வாரம் நான் ஓடவில்லை. முதல் வாரத்தில் பழைய சோதனை வாசற்படி வரை வந்தது, பயந்தேன். ஆனால் நான்கரை மணிக்கு உடல் தானாகவே விழித்துக்கொண்டது. ஓட வழியில்லாத அந்த நேரத்தில், மண்டியிடவும் முடியாத முழங்காலோடு நாற்காலியில் அமர்ந்து சங்கீதங்களை வரிசையாக வாசித்தேன். ஆறு வாரம் முடிந்து நான் முதன்முதலாக ஓடிய தூரம் மூன்றே கிலோமீட்டர். அன்று காலை நான், வாலிபன் தன் வழியை எதினால் சுத்தம்பண்ணுவான் என்று கேட்கும் நூற்றுப்பத்தொன்பதாம் சங்கீதத்துக்கு வந்திருந்தேன்.