முழுச் சொல்லும் வேண்டாம், அடி போதும்

வணக்கம் நேயர்களே.

ஒரு வேலைவாய்ப்பு அறிவித்தலைக் கைத்தொலைபேசியில் திறந்து, பெருவிரலால் தள்ளித் தள்ளிக் ‘கிளிநொச்சி’ எங்கே கிடக்கிறதென்று தேடுகிறவர்கள் இங்கே கனபேர். கண்ணும் நோகும், தேவையான வரியும் தப்பிப்போகும். அந்த வேலையைப் போனிடமே விடலாம்.

குரோமில் பக்கத்தைத் திறந்துகொண்டு, மேல்மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தட்டுங்கோ. வரும் பட்டியலில் ‘ஃபைண்ட் இன் பேஜ்’ இருக்கும், ஒரு தாளின்மேல் பூதக்கண்ணாடி வைத்த சின்னம். தட்டினால் ஒரு பெட்டி வரும். சொல்லை எழுதினால் பக்கத்தில் அது உள்ள இடமெல்லாம் நிறம் மாறும். பெட்டியின் ஓரத்திலே 3/17 என்று காட்டினால், பதினேழு இடத்தில் மூன்றாவதில் நிற்கிறீர்கள். அம்புக்குறியைத் தட்டினால் அடுத்ததுக்குப் போகும். அவ்வளவுதான்.

ஆனால் சிக்கல் தமிழில்தான் இருக்கிறது. ‘குளம்’ என்று தேடுகிறீர்கள். செய்தியிலோ ‘குளத்தின் வான்கதவு’, ‘குளங்களில் நீர்மட்டம்’ என்று இருக்கும். போனுக்கு இலக்கணம் தெரியாது, எழுத்துக்கு எழுத்துத்தான் பார்க்கும். ஒன்றும் இல்லையென்று சொல்லிவிடும். அதனால் மாறாத அடியை மட்டும் எழுதுங்கோ: ‘குள’. உடனே மாங்குளம், புளியங்குளம், கனகராயன்குளம் என்று ஏ-9 வீதி முழுக்க வந்து நிற்கும், அதுவும் உண்மை! உங்களுக்கு வேண்டியது இரணைமடுக் குளம் மட்டும் என்றால் ‘இரணைமடு’ என்று தேடுங்கோ. வேற்றுமை எது வந்தாலும் அந்தத் துண்டு மாறாது. முல்லைத்தீவுக்கும் இதுதான்: ‘தீவில்’, ‘தீவுக்கு’ என்று வால் மாறும், ‘முல்லை’ மாறாது. ஆங்கிலப் பக்கமென்றால் அந்த ஊரின் நடுவில் ஒருவர் ஒரு ‘டி’ போடுவார், இன்னொருவர் இரண்டு போடுவார், வேறொருவர் ‘டிஎச்’ போடுவார். ‘எம் யூ எல் எல் ஏ’ வரை எழுதி நிறுத்துங்கோ. திரும்பவும் சொல்கிறேன், குறைய எழுதினால் கூடக் கிடைக்கும்.

இன்னொன்று. ‘வெளி’ என்பதைப் பலர் ‘வௌி’ என்று தட்டுகிறார்கள். ஒற்றைக்கொம்பும் ளகரமும் தனித்தனியாக இல்லாமல் ஔகாரக் குறி ஒன்றாக விழுந்துவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, போனுக்கு வேறு வேறு. ‘வெளியீடு’ கிடைக்காவிட்டால் ‘யீடு’ என்று தேடுங்கோ.

பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய பிடிஎஃப் என்றால் இதுவும் சரிவராது. திரையில் ‘அம்மா’ என்று தெரிந்தாலும் அடியில் கிடப்பது ஆங்கில விசைகள்: எம், கே, அரைப்புள்ளி, கே, எச். தமிழில் தேடினால் எப்படி அகப்படும்? பிடிஎஃப்பில் உள்ள பூதக்கண்ணாடிப் பெட்டியில் அந்த ஆங்கில விசைகளையே தட்டிப் பாருங்கோ, பல கோப்புகளில் பிடிபடும்.

தயாரிப்பாளர் மணிக்கூட்டைக் காட்டுகிறார். ஐபோன்காரர் சஃபாரியில், மேல்நோக்கிய அம்புள்ள சதுரத்தைத் தட்டிக் கீழே தள்ளினால் ‘ஃபைண்ட் ஆன் பேஜ்’ வரும். அறிவித்தலைப் படமாக எடுத்துப் போட்டிருந்தால் இந்தத் தேடல் உதவாது. தள்ளத் தள்ள நீளும் பக்கமென்றால் முதலில் அடிவரை ஒருதரம் தள்ளிவிட்டுத் தேடுங்கோ, இன்னும் இறங்காத பகுதியில் போன் தேடாது. வணக்கம்.