நின்று போன வண்டிக்கு முதலில் புதுப் பெற்றோல்

வணக்கம் வானொலி நேயர்களே. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் ஒரு சிறிய கராஜ் வைத்திருக்கிறேன். மோட்டார் சைக்கிளோடு பழகத் தொடங்கி முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. நல்லூர்க் கோயில் கொடியேற்றத்துக்கு ஒரு கிழமை இருக்கும்போதே எங்கள் வாசலுக்கு ஒரே மாதிரியான வண்டிகள் வரத் தொடங்கும். கனடாவில் இருந்தோ லண்டனில் இருந்தோ வந்து இறங்கிய பிள்ளை, வீட்டுக் கொட்டிலில் தறப்பாளால் மூடிக் கிடந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவார். சேட்டு முதுகோடு ஒட்டியிருக்கும். "அண்ணை, காலமை தொடக்கம் உதைக்கிறன், ஒரு சத்தமும் இல்லை" என்பார். போன வருடம் வந்த ஒருவருக்கு உதைத்து உதைத்துச் செருப்பு வாரே அறுந்திருந்தது.

அவரிடம் சொன்னதைத்தான் உங்களுக்கும் முதலில் சொல்கிறேன். "தம்பி, உதைக்கிறதை நிப்பாட்டும்." பத்துத் தரம் உதைத்தும் வராத வண்டி நூறு தரம் உதைத்தாலும் வராது. கால்தான் நோகும். பட்டன் ஸ்ரார்ட் வண்டி என்றால் இன்னும் மோசம். இருக்கிற பற்றறியும் இறங்கிவிடும், பிறகு உண்மையான குறையைக் கண்டுபிடித்த பின்னும் வண்டி கிளம்பாது.

எஞ்சின் ஒன்றும் மர்மம் இல்லை. அடுப்பு மூட்டத் தெரிந்த எல்லாருக்கும் விளங்கும். விறகு வேண்டும், காற்று வேண்டும், நெருப்புக்குச்சி வேண்டும். வண்டியில் விறகு பெற்றோல், நெருப்புக்குச்சி பிளக்கில் வருகிற பொறி. இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டால் எரியாது. ஓடிக்கொண்டிருந்த வண்டி நடுவழியில் நின்றால் மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். ஆனால் மாதக் கணக்கில் நின்ற வண்டி என்றால் நான் முதலில் விறகைத்தான் சந்தேகிப்பேன். நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோது நிறுத்திய வண்டி. நின்ற இடத்தில் அதற்குள் என்ன மாறியிருக்கும்? பெற்றோல்தான் மாறியிருக்கும்.

"பெற்றோல் எப்படி மாறும், தாங்கி நிறைய இருக்குதே?" என்று கேட்பார்கள். இதை விளக்க நான் எப்போதும் எங்கள் மண்ணெண்ணெய்க் காலத்துக்குத்தான் போவேன். இளம் பிள்ளைகள் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

1990இல் போர்க்காலத்தில் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தபோது எனக்குப் பதினாறு வயது. ஒரு கராஜில் வேலை பழகிக்கொண்டிருந்தேன். பெற்றோல் கடைகளில் இல்லை. கிடைத்தாலும் மருந்துக் குப்பி அளவில்தான், அதுவும் நகை விலைக்கு. ஆனாலும் யாழ்ப்பாணத்து வீதிகளில் மோட்டார் சைக்கிள் நிற்கவில்லை. மண்ணெண்ணெயில் ஓடியது. ஹொண்டா ஃபிப்ரி, நைன்ரி, பெரிய வண்டிகள், கார்கள்கூட. அந்த வெள்ளைப் புகையும் மணமும் என் வயதுக்காரர் ஒருவருக்கும் மறந்திருக்காது.

அந்த வண்டிகளை எப்படி ஸ்ரார்ட் செய்தோம்? எல்லாரும் ஒரு சூப்பி வைத்திருந்தோம். மெல்லிய பிளாஸ்டிக் போத்தல், வாயில் ஒரு சின்னக் குழாய். உள்ளே கொஞ்சம் பெற்றோல். பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கிற காபரேற்றரின் காற்று வாய்க்குள் அந்தக் குழாயை வைத்து மெதுவாக ஒரு அமுக்கு. இரண்டு மூன்று துளி போதும். உடனே ஒரு உதை. எஞ்சின் அந்தத் துளிப் பெற்றோலில் பிடித்துக்கொள்ளும், சூடேறும், பிறகு மண்ணெண்ணெய் அதைத் தொடர்ந்து கொண்டுபோகும். பிடித்த பிறகு ஒருவரும் எளிதில் எஞ்சினை நிறுத்த மாட்டார்கள். கடை வாசலில் இறங்கிச் சாமான் வாங்கும்போதும் வண்டி புகைத்துக்கொண்டே நிற்கும். நிறுத்தினால் திரும்ப இரண்டு துளி செலவு.

எங்கள் முதலாளி அந்தச் சூப்பியைச் சேட்டுப் பையில் வைத்திருப்பார். ஒரு நாள் நான் அவசரத்தில் மூன்று அமுக்கு அமுக்கிவிட்டேன். அவர் ஏசவில்லை. சூப்பியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, எவ்வளவு குறைந்திருக்கிறது என்று எனக்குக் காட்டினார். ஒரு விரல் அகலம். "இது நாளைக்கு நாலு பேற்றை வண்டியைக் கிளப்புறது" என்றார். அந்த ஒரு விரல் அகலம் இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. பெற்றோலில் எது வேலை செய்கிறது என்று நான் படித்தது அன்றுதான்.

ஏன் அந்த இரண்டு துளி? எஞ்சினுக்குள் எரிவது எண்ணெய் அல்ல, எண்ணெயின் ஆவி. பெற்றோல் ஐஸ் குளிரிலும் ஆவி விடும். மண்ணெண்ணெய் ஏறக்குறைய 40 பாகை சூடேறினால்தான் தீப்பற்றுகிற அளவுக்கு ஆவி விடும். குளிர்ந்த எஞ்சினில் அது நனைந்து கிடக்கும், எரியாது. ஓடிச் சூடான எஞ்சினில் எரியும். ஆகவே கிளப்புவதற்கு இலேசான எண்ணெய் வேண்டும்.

இப்போது நின்ற வண்டிக்கு வருவோம். பெற்றோல் ஒரே பொருள் இல்லை, பல எண்ணெய்களின் கலவை. அதில் மிக இலேசானவைதான் முதலில் பறந்து போகும். வண்டியைக் கிளப்புவதும் அவைதான். எங்கள் வெயிலில் இது இன்னும் கெதியாக நடக்கும். இரண்டு மூன்று மாதம் நின்றால் காபரேற்றரின் அடியில் பெற்றோல் தங்குகிற கிண்ணத்தில் மிஞ்சுவது பெயருக்குப் பெற்றோல், குணத்தில் மண்ணெண்ணெய்க்குப் பக்கத்தில் போய்விட்ட ஒன்று. அதை உதைத்துக் கிளப்ப முடியாது. தாங்கியில் நிறைய இருப்பது மெதுவாகத்தான் கெடும். கிண்ணத்தில் இருப்பதோ ஒரு சிறங்கை அளவு, காற்றுப் போகத் துவாரமும் உண்டு, அதனால் அதுதான் முதலில் கெடும்.

ஆகவே செய்யவேண்டியது இதுதான். காபரேற்றர்க் கிண்ணத்தின் அடியில் ஒரு சின்ன ஸ்குரூ இருக்கும். கீழே ஒரு கண்ணாடிப் போத்தலைப் பிடித்து அதைத் தளர்த்துங்கள். கிட்ட பீடி, சிகரெட் வேண்டாம், குசினிப் பக்கமும் வேண்டாம். வந்ததை மணந்து பாருங்கள். நல்ல பெற்றோல் மூக்கில் சுரீர் என்று ஏறும். கெட்டது பழைய வார்னிஷ் டப்பா போலப் புளித்து மணக்கும். போத்தலை ஐந்து நிமிடம் அசையாமல் வைத்தால் அடியில் பாசிமணி போல உருளும் தண்ணீர் தெரியும். மாரிக்குப் பிறகு வருகிற வண்டிகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். பிறகு ஸ்குரூவை இறுக்கி, தாங்கியில் புதுப் பெற்றோல் ஒரு லீற்றர் விட்டு, காற்றைக் குறைக்கிற சோக்கை இழுத்து, ஐந்தாறு தரம் உதையுங்கள். தாங்கியில் இருந்ததும் புளித்து மணந்தால் அதையும் முழுவதும் இறக்கிவிடுங்கள். கெட்டதோடு நல்லதைக் கலந்தால் நல்லதும் வீண்.

இறக்கிய பெற்றோலைத் தயவுசெய்து வளவில் ஊற்றாதீர்கள். நமக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக் கல். இன்று ஊற்றியது நாளை கிணற்றில் இருக்கும். கிணற்றுத் தண்ணீரில் எண்ணெய் கலந்தால் என்ன பாடு என்று எங்கள் சுன்னாகத்தாருக்கு நான் சொல்லத் தேவையில்லை. பழைய பெற்றோலைக் கராஜில் கொடுங்கள், நாங்கள் பாகம் கழுவ எடுப்போம்.

2022இல் பெற்றோலுக்கு வரிசை நின்றோமே, வாரத்துக்கு 4 லீற்றர் கியூ.ஆர். அட்டைக்குத் தந்த காலம். பயத்தில் பலர் போத்தல்களில் சேர்த்து வைத்தார்கள். அடுத்த வருடம் அந்தப் போத்தல் பெற்றோலோடு எத்தனை வண்டிகள் வந்தன என்று எண்ணவில்லை. ஒருவர் எங்களிடம் வரும் முன்பு வேறு ஓர் இடத்தில் பிளக், பொறிக்கு மின்சாரம் கொடுக்கிற இக்னிஷன் கொயில், காபரேற்றர் எல்லாம் புதிதாக மாற்றிவிட்டு வந்தார். அத்தனை காசும் போன பிறகும் தாங்கியில் கிடந்தது அதே பழைய பெற்றோல். எனக்கு அன்று முழுக்க மனம் ஆறவில்லை. முதலில் மணந்து பார்த்திருந்தால் ஒரு லீற்றர் பெற்றோலோடு முடிந்திருக்கும்.

புதுப் பெற்றோலுக்கும் வரவில்லை என்றால், அல்லது சோக் இழுத்தால் ஓடி, விட்டால் நின்றுவிடுகிறது என்றால், பெரும்பாலும் காபரேற்றருக்குள் பெற்றோல் போகிற நுண்துளை உள்ள சின்ன ஜெற் அடைத்திருக்கும். போன ஆவணியில் வந்த ஹொண்டா நைன்ரியைச் சொல்கிறேன். தகப்பனார் ஓடிய வண்டி, நாலு வருடம் நின்றது. கிண்ணத்தைக் கழற்றினால் அடியில் தேன் காய்ந்தது போலப் பச்சை மஞ்சளாய் ஒரு பசை. ஜெற்றை வெயிலுக்கு நேரே பிடித்தேன். ஒரு பொட்டு வெளிச்சம் தெரியவேண்டும், தெரியவில்லை. அந்தத் துளை அரை மில்லிமீற்றரும் இல்லை, நாலைந்து தலைமயிர் மொத்தம். தின்னரில் ஊறவைத்து, வயருக்குள் இருக்கும் செம்புக் கம்பியில் ஒரு இழை எடுத்து மெதுவாக விட்டேன். தையல் ஊசி போடவே கூடாது, துளை பெருத்தால் அந்த ஜெற் முடிந்தது. ஊதிவிட்டுத் திரும்ப வெயிலுக்குப் பிடித்தபோது ஊசிமுனை அளவில் ஒரு வெளிச்சம். பக்கத்தில் நின்ற மகன் "எனக்கும் காட்டுங்கோ" என்று வாங்கிப் பார்த்தார். மூன்றாவது உதையில் வண்டி பிடித்தது. அவர் உடனே ஏறவில்லை. சீற்றில் கையை வைத்துக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றார்.

சரி, பொறியைப் பற்றி. பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். ஈரமாக இருந்தால் பெற்றோல் வருகிறது, காய்ந்திருந்தால் வரவில்லை. இது ஒன்றே பாதி வழியைக் காட்டிவிடும். பிறகு பிளக்கைத் தொப்பியில் மாட்டி, பிளக்கின் இரும்புப் பகுதி எஞ்சினில் முட்டும்படி வைத்து, பிளக் துளையில் இருந்து தள்ளிப் பிடித்து உதைத்தால் நீலப் பொறி சடக் என்று அடிக்கவேண்டும். பழைய 6 வோல்ட் வண்டிகளில் பொறி இல்லை என்றால் பொறிக்காக மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கிற பொயின்ற் முகம் பூத்திருக்கும், மெல்லிய கடதாசியால் துடைத்தால் போதும். இதற்கெல்லாம் முன்பு ஹாண்டிலில் இருக்கும் சிவப்பு நிறுத்தும் சுவிட்சைப் பாருங்கள். சங்கானையில் இருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த ஒரு ஐயாவுக்கு நான் அதை மட்டும்தான் தட்டிவிட்டேன். காசு வாங்கவில்லை, தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன்.

காற்று. மன்னாருக்கு மாற்றலாகிப் போன ஒரு ரீச்சரின் ஸ்கூட்டி ஆறு மாதம் விறாந்தையில் நின்றது. பெற்றோல் புதிது, பொறியும் நல்லது, ஆனாலும் வரவில்லை. சைலன்சர் வாயில் ஒரு ஈர்க்குக் குச்சியை விட்டேன், இரண்டு அங்குலத்தில் முட்டியது. குளவி மண் வைத்து அடைத்திருந்தது. எயார் பில்டர்ப் பெட்டியைத் திறந்தால் எலி தும்பும் துணியும் சேர்த்துக் கூடு கட்டியிருந்தது. ஆகவே நின்ற வண்டியில் இந்த இரண்டு வாயையும் பாருங்கள். எலி இருந்தால் வயரையும் பாருங்கள், கடிக்காமல் விட்டிருக்காது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து கை காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான். பற்றறியைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன், சுருக்கிவிடுகிறேன். 12 வோல்ட் பற்றறி ஓய்வில் 12.6க்குக் கிட்ட இருக்கவேண்டும், 12க்குக் கீழே போனால் வெறுமை. கிக்கர் உள்ள பழைய வண்டிகள் பல பற்றறி இல்லாமலும் கிளம்பும். காபரேற்றர் இல்லாமல் பம்பால் பெற்றோலைத் தெளிக்கிற இஞ்செக்‌ஷன் வண்டிகளுக்குப் பற்றறி கட்டாயம். திறப்பைப் போட்டவுடன் தாங்கிக்குள் இரண்டு செக்கன் ம்ம்ம் என்று பம்ப் முனகவேண்டும், முனகாவிட்டால் அங்கேதான் தொடங்கவேண்டும். கிக்கர் இறுகி அசையவே மறுத்தால் பலம் போடாதீர்கள், பிளக் துளைக்குள் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு இரவு முழுக்க விடுங்கள்.

வெளிநாடு போகிறவர்களுக்கு ஒன்று. நிறுத்தும் நாளில் தாங்கிக்குக் கீழே இருக்கும் பெற்றோல் பிடியைப் பூட்டிவிட்டு எஞ்சினை ஓட விடுங்கள், தானாக நிற்கும்வரை. கிண்ணம் காய்ந்துவிடும், நான் சொன்ன பசை வராது. ஐந்து நிமிட வேலைதான். பற்றறி வயரையும் கழற்றி வையுங்கள். ஸ்ரார்ட் வந்தவுடன் நல்லூருக்குப் பறக்காமல் ரயருக்குக் காற்றும், பின்னால் பிரேக்கும்... சரி, நேரம் முடிந்துவிட்டது. இரண்டு பிரேக்கையும் ஒழுங்கைக்குள் ஒருக்கால் பிடித்துப் பார்த்துவிட்டு வீதிக்கு ஏறுங்கள். வணக்கம்.