பழைய பஜெரோவுக்குப் புது ஷொக், புது ஸ்பிரிங்: வன்னி கிரவல் றோட்டுக்கு உயரம் தேவையில்லை

வணக்கம் உறவுகளே. இண்டைக்கு நேரா என்ர மிற்சுபிசி பஜெரோ ஜீப்புக்குக் கீழ இருந்துதான் தொடங்கிறன். கமராவைச் சரிச்சுப் பிடிக்கிறன், பாருங்கோ. பின்பக்கம் ரெண்டும் புதுக் கொயில் ஸ்பிரிங். நாலு சில்லுக்கும் புது ஷொக், அதாவது துள்ளலை அடக்கிற ஷொக் அப்சோபர். பூட்டியாச்சு! எவ்வளவு காலமா இதைக் கதைச்சுக்கொண்டு திரிஞ்சனான் எண்டு பழைய வீடியோ பாத்த ஆக்களுக்குத் தெரியும்தானே. அவ்வளவு சந்தோசமா இருக்கு.

ஆனா முதல் எனக்கு வயித்தெரிச்சலைக் கிளப்பின விசயத்தைச் சொல்லிப்போட்டு வாறன். போன கிழமை ஒரு தம்பி இஞ்ச வந்தவர். அவரிட்டயும் பஜெரோதான். "அண்ணை, சஸ்பென்ஷன் அப்கிரேட் செய்தனான், 15,000 எடுத்தவங்கள்" எண்டார். குனிஞ்சு பாத்தா ஒரு சாமான் புதுசில்லை. அதே பழைய ஷொக், ஒயில் கசிஞ்சு, அதில தூசி ஒட்டிக் கறுத்துப்போய்க் கிடக்குது. அந்தக் கராஜில செய்தது ஒண்டே ஒண்டுதான்: ரோர்ஷன் பார் போல்ட்டை இறுக்கி முன்பக்கத்தை உயத்தி விட்டிருக்கிறாங்கள். அதுக்கு 15,000! அந்தப் பெடியன் கூலி வேலை செய்து சேத்த காசு.

விளங்காத ஆக்களுக்குச் சொல்லுறன். 1991ல வந்த ரெண்டாம் தலைமுறைப் பஜெரோவுக்கு முன்பக்கத்தில கொயில் ஸ்பிரிங் இல்லை. சேசிஸுக்கு, அதாவது வண்டியின்ர அடிச்சட்டத்துக்கு, பக்கத்தால நீளமா ஒரு உருக்குக் கம்பி போகுது, இதுதான் ரோர்ஷன் பார், தட்டிக் காட்டுறன். ஒரு நுனி சில்லைத் தாங்கிற கையில, மற்ற நுனி பின்னுக்குச் சேசிஸில. சில்லு மேல எழும்பேக்க ஈரத்துணி பிழியிற மாதிரி இந்தக் கம்பி முறுகும். முறுக்கு விடுபடேக்க சில்லைத் திரும்பக் கீழ தள்ளும். பின் நுனியில ஒரு போல்ட் இருக்கு. அதை இறுக்கினா ஸ்பிரிங் பலமாகுமெண்டு கனபேர் நினைக்கினம். ஆகாது. கம்பியின்ர தடிப்பும் நீளமும் அதேதானே. வண்டி நிக்கிற உயரம் மட்டும்தான் மாறுது.

அந்த உயரம் சும்மா வாறேல்லை. சில்லு மேலயும் கீழயும் போற தூரத்துக்கு ஒரு எல்லை இருக்கு, ரெண்டு பக்கமும் இறப்பர் ஸ்ரொப்பர். வண்டியை உயத்தினா மேல போற தூரம் கூடும், கீழ இறங்கிற தூரம் குறையும். அளவுக்கு மிஞ்சி உயத்தினா என்ன நடக்கும்? கிடங்கு வரேக்க சில்லு இறங்க இடமில்லை. கை போய் ஸ்ரொப்பரில டொங் எண்டு அடிக்கும். அந்தத் தம்பியின்ர வண்டியில ஏறி ஒட்டுசுட்டானில இருந்து முத்தையன்கட்டுப் பக்கம் ஒருக்காப் போய் வந்தனான். முழுக்க டொங், டொங், டொங். போதாததுக்கு முன் அக்சில் ஜொயின்ற் சாஞ்சு நிண்டு வேலை செய்யுது, அதை மூடியிருக்கிற இறப்பர் பூட் கெதியாக் கிழியும். கிழிஞ்சா கிறீஸ் போகும், மண் போகும், பிறகு ஜொயின்ற்றே போகும். அந்தச் செலவு ஆர் குடுக்கிறது?

அவற்ற போல்ட்டை அண்டைக்கே இளக்கி ஒழுங்கான உயரத்துக்குக் கொண்டுவந்து விட்டனான். சில்லை ஜக்கில தூக்கித் தொங்கவிட்டு, போல்ட் மரைக்கு மாக்கரால கோடு போட்டு, பிறகுதான் சாவி வைக்கவேணும். பாரம் நிக்கேக்க திருப்பினா மரை அழிஞ்சுபோகும்.

சரி, என்ர வண்டிக்கு வாறன். இது 1995 மொடல், 4எம்40 எஞ்சின், 2,835 சிசி டீசல். கொமென்ற்றில ஒராள் எழுதியிருந்தார், டக்கார் ராலி எண்ட பாலைவனக் கார்ப் போட்டியில 12 தரம் வெண்ட வண்டிக்கு உதெல்லாம் என்னத்துக்கு எண்டு. ராலியில ஓடினதுக்கும் எங்கட வீட்டு வாசல்ல நிக்கிறதுக்கும் பேர் மட்டும்தான் ஒண்டு. முப்பது வருசம் பழசான இறப்பரும் ஒயிலும் ராலி ஓடாது.

வன்னியில எங்களுக்கு என்ன பிரச்சினை? பெரிய பாறை ஏறப்போறமா? இல்லையே. ஏ9 றோட்டு கார்ப்பெற், நல்ல தார் போட்டது, மாங்குளம் முல்லைத்தீவு றோட்டும் கார்ப்பெற். அதில இருந்து உள்ளுக்கு இறங்கினா கிரவல். மல்லாவி, பாண்டியன்குளம், நட்டாங்கண்டல் பக்கம் போற ஆக்களுக்குத் தெரியும், கோடையில கிரவல் குறுக்கு வரிவரியா எழும்பிக் கிடக்கும். அதில 40ல ஓடினா ஷொக் ஒரு நிமிசத்தில நூற்றுக்கணக்கான தரம் மேலயும் கீழயும் அடிபடும். ஸ்பிரிங் அதிர்வை வாங்கி வைக்கும், ஷொக்தான் அதை வெப்பமாக்கிக் கரைக்கிறது. ஓட்டம் முடிய ஷொக்கில கை வைச்சுப் பாருங்கோ, சுடும். ஒயில் சூடேறி நுரைச்சா ஷொக் வேலை செய்யாது, சில்லு நிலத்தில நிக்காது, வளைவில வண்டி தன்ர பாட்டுக்குப் பக்கவாட்டில போகும். எங்களுக்கு வேண்டியது நல்ல ஷொக். நாலு அங்குல லிஃப்ட்டும் இஞ்ச தேவையில்லை, வண்டி அழகுக்கு உயந்து நிக்கிறதும் எனக்குப் பிடிக்காது. சந்தியில திரும்பேக்க ஆடுற வண்டியில பிள்ளையளை ஏத்திக்கொண்டு போகேலுமோ?

நான் போட்டது ரெண்டு குழாய் வைச்ச காஸ் ஷொக். ஒற்றைக் குழாய் ஷொக் வெப்பத்தை வெளிய விடுறதில கெட்டிக்காரன், மறுக்கேல்லை. ஆனா அதில பிஸ்ரன் ஓடுறது வெளிக் குழாயிலயேதான். கிரவல் கல்லு தெறிச்சு ஒரு நெளிவு விழுந்தா பிஸ்ரன் இறுகிப்போகும். ரெண்டு குழாயில வெளிக் குழாய் கொஞ்சம் நெளிஞ்சாலும் உள் குழாய் பாட்டுக்கு வேலை செய்யும். பழைய ஷொக்கைக் காட்டுறன், பாருங்கோ, கல்லடிச்ச தழும்பு எத்தினை. அதால என்ர தெரிவு இது.

பின் ஸ்பிரிங் 40 மில்லிமீற்றர் கூடினது, நடுத்தரப் பாரத்துக்கானது. கடைக்காரன் பாரமான ஸ்பிரிங்தான் நல்லதெண்டு நிண்டவன். நான் மாட்டனெண்டு சொல்லிப்போட்டன். பாரமான ஸ்பிரிங் எந்த நேரமும் சாமான் ஏத்தித் திரியிற ஆக்களுக்கு. வெறும் வண்டியில அதைப் போட்டா பின்பக்கம் துள்ளும். நான் ஏத்திறது தண்ணிக் கான், கூடாரம், அடுப்பு, இடைக்கிடை மாமாவின்ர ரெண்டு நெல்லு மூட்டை. நடுத்தரம் காணும்.

மொத்தச் செலவு ரெண்டு இலட்சத்துக்குக் கிட்ட. ஸ்பிரிங் கொழும்பில பஞ்சிகாவத்தையில எடுத்தது, புதுசு. பெட்டியில வந்த ஷொக்கைத்தான் போடவேணும், ரீகண்டிஷன் எண்டு பெயின்ற் அடிச்சு விக்கிறதை வாங்காதேங்கோ.

இப்ப போல்ட் கதை. இதைச் சொல்லாம விடமாட்டன்.

முன் வலது ஷொக்கின்ர கீழ் போல்ட். நாயாறு, கொக்கிளாய்ப் பக்கம் கடற்கரை வழிய நிண்ட வண்டிதானே, உப்புக் காத்து. நட்டு வடிவாக் கழண்டுது. போல்ட் தலையும் சுத்துது. ஆனா வெளிய வரேல்லை! ஷொக்கின்ர நுனியில இருக்கிற இறப்பர் புஷ்சுக்குள்ள ஒரு இரும்புக் குழல் இருக்கு, போல்ட் அதோட கறள் பிடிச்சு ஒண்டாய்ப்போச்சு. நான் சுத்தச் சுத்த இறப்பர் முறுகுதே தவிர போல்ட் அசையேல்லை. கறள் எண்ணெய் விட்டு இரவு முழுக்க விட்டனான். சூடாக்கினன். சுத்தியலால அடிச்சன். கடைசியா கிரைன்டர் எடுத்து ரெண்டு பக்கமும் வெட்டினதுதான். வெட்டின துண்டு இந்தா, கிட்டப் பிடிக்கிறன். நடுவில பாருங்கோ, கறள் திண்டு இடுப்பு மெலிஞ்சுபோய் இருக்கு. இதில கொஞ்ச நாள் ஓடியிருந்தா தானாவே முறிஞ்சிருக்கும்.

இப்ப புது போல்ட் வேணும். கொழும்புக்குக் கோல் எடுத்தா ஒறிஜினல் போல்ட் ஒண்டு 3,900, கூரியர் வேற. ஒரு போல்ட்டுக்கு! இஞ்ச ஒரு ஹாட்வெயார் கடையில 350க்கு ஒண்டு தந்தவை. தலையைத் திருப்பிப் பாத்தன், ஒரு இலக்கமும் இல்லை. "எல்லாம் ஒரே இரும்புதான் தம்பி" எண்டுறார். ஒரே இரும்பில்லை ஐயா! போல்ட் தலையில 8.8, 10.9 எண்டு குத்தியிருக்கும். முதல் இலக்கத்தை நூறால பெருக்கினா அதின்ர இழுவைப் பலம் மெகாபஸ்கலில வரும், 8.8 எண்டா 800, 10.9 எண்டா 1,000. புள்ளிக்குப் பிறகு வாற 9, அந்தப் பலத்தில 90 வீதம் வரைக்கும் நிரந்தரமா நீளாம நிக்குமெண்டது. இலக்கமே இல்லாத போல்ட் கேற்றுக்குப் பூட்டலாம். என்ர சில்லுக்குப் பூட்டமாட்டன்.

பிறகு எனக்கு ஒரு யோசினை வந்தது. வன்னியில என்ன சாமான் தாராளமாக் கிடைக்கும்? உழவு மெசின் சாமான்! கிளிநொச்சிக்கு விட்டன். அங்க ஒரு வயசுபோன ஐயா கடை வைச்சிருக்கிறார். பழைய மாசி பேர்குசன் மெசின் போல்ட் எனக்குச் சரிவராது, அது அங்குல மரை. குபோட்டா மெசின் ஜப்பான் சாமான், மில்லிமீற்றர் மரை. ஐயா ஒரு பிஸ்கற் தகரத்தைக் கவிட்டுக் கொட்டினார். நான் என்ர பழைய நட்டைக் கையில வைச்சு ஒவ்வொண்டிலயும் ஏத்திப் பாத்தன். ஒண்டில விரலாலயே கடைசி மரை வரைக்கும் வழுக்கிக்கொண்டு போச்சு. தலையில 10.9! நீளமும் அதே. விலை 480. இலக்கமில்லாத போல்ட்டுக்கும் இதுக்கும் 130 ரூபா வித்தியாசம், கொழும்பு விலையில எட்டில ஒண்டு. கடைக்குள்ளயே சத்தம்போட்டுச் சிரிச்சிட்டன். ரெண்டு வாங்கி இடது பக்கத்துக்கும் மாத்தினனான்.

பொறுங்கோ, பூட்டுறதில ஒண்டு சொல்ல விட்டுப்போச்சு, இதுதான் முக்கியம். இறப்பர் புஷ் இருக்கிற போல்ட்டை வண்டி ஜக்கில நிக்கேக்க கடைசி இறுக்கு இறுக்கக் கூடாது. சும்மா கொழுவிவிட்டு, வண்டியைச் சில்லில இறக்கி, பாரம் ஏறின பிறகுதான் இறுக்கவேணும். தொங்கிற நிலையில இறுக்கினா இறப்பர் எந்த நேரமும் முறுகினபடியே நிக்கும், கெதியாக் கிழியும். புது புஷ் ஆறு மாசத்தில போச்செண்டு புலம்பிற ஆக்கள் முதல் இதைப் பாருங்கோ.

மற்றது, பின்பக்கம் உயந்தா பிறேக் ஹோஸ் இழுபடுதோ எண்டு அக்சிலைத் தொங்கவிட்டுப் பாக்கவேணும். அக்சிலில இருந்து ஒரு கம்பி போய்ப் பாரத்துக்கு ஏத்த மாதிரிப் பின் பிறேக்கைக் கூட்டிக் குறைக்கிற வால்வு இருந்தா, அதையும் சரிசெய்யவேணும். இல்லாட்டி அது வண்டி வெறுமையா நிக்குதெண்டு கணக்கெடுத்துப் பின் பிறேக்கைக் குறைச்சுப்போடும். என்ர வண்டியில அது இருக்கு, சரிசெய்தாச்சு. முன்பக்கத்தை ரோர்ஷன் பாரால கொஞ்சமாத்தான் உயத்தினனான், பின்னோட மட்டமாக நிக்கிற அளவுக்கு. ஸ்பிரிங் படியவிட்டு ஓடி, பிறகு வவுனியாவில வீல் அலைன்மென்ற் செய்தது, 4,500.

ஓட்டம் எப்பிடி? நேற்று விடிய நெடுங்கேணிப் பக்கத்தால உள்ளுக்க போனனான். உங்களுக்குத் தெரியும், டாஷ்போட்டுக்கு மேல சரிவு காட்டுற மீற்றர் இருக்கு. முந்தி கிரவலில அது பேய் பிடிச்ச ஆட்டம் ஆடும், வாசிக்கவே ஏலாது. நேற்று முதல் தரமா அது நிதானமா வலம் இடம் எண்டு சரிஞ்சு காட்டினதைப் பாத்தன். கிளிப் போடுறன், பாருங்கோ. பின் கதவுச் சத்தம் இல்லை. வாய்க்கால் கட்டில குறுக்கால ஏறேக்க மேல நிண்ட சில்லு வடிவா இறங்கி நிலத்தைப் பிடிக்குது. முந்தி அந்த இடத்தில சில்லு அந்தரத்தில சுத்தும், நான் 4எல், அதாவது நாலு சில்லும் மெதுவாப் பலமா இழுக்கிற கியர், போட்டுத்தான் தப்பி வாறது. ஏ9ல முறிகண்டி தாண்டி வரேக்க பிறேக் பிடிச்சுப் பாத்தன், மூக்குக் குத்தேல்லை.

வண்டி நல்லாயிட்டுதெண்டு புதுத் தடம் தேடிக் காட்டுக்க இறங்காதேங்கோ. ஆக்களும் மாடும் மெசினும் போய்வாற பாதையிலயே நில்லுங்கோ. சிவப்புப் பலகையில மண்டையோடு போட்டு மிதிவெடி எண்டு எழுதியிருந்தா அந்தப் பக்கம் திரும்பவே வேண்டாம். பலகை இல்லாத இடத்திலயும் ஊராக்களைக் கேட்டுப்போட்டுத்தான் போங்கோ. இதில நான் சரியான கண்டிப்பு.

மாரிக்கு முதல் ரயர் பாக்கவேணும், களியில ஷொக் ஒண்டும் செய்யாது, ரயர்தான். சேத்துக்கான மட் ரயரோ எல்லாத் தரைக்குமான ஓல் ரெரெய்னோ எண்டு கனபேர் கேட்டிருக்கிறியள். விலை விசாரிச்சுக்கொண்டிருக்கிறன், அது வேற வீடியோ. அதுக்கிடையில 500 கிலோமீற்றர் ஓடினதும் எல்லா நட்டையும் திரும்ப ஒருக்கா இறுக்கிப் பாக்கப்போறன், அதையும் போடுறன். போல்ட் அளவு கேட்கிற ஆக்கள் உங்கட பழைய நட்டைக் கையில கொண்டுபோங்கோ, வண்டிக்கு வண்டி மாறும்.